கணினிக்குள் விட்ட தண்ணீர்

என் மனைவியின் கணினி முதல் தடவை தானாக அணைந்தது அக்னி நட்சத்திரம் பிறந்த வாரத்தில். இரண்டாம் தடவை, கத்திரி விடைபெறும் நேரத்தில். தேதியைப் பிடித்துக்கொண்டு பேசுவது என் பழக்கம். எந்த வருஷம் சிதம்பரத்தில் தேர் மழையில் நின்றது, எந்த ஐப்பசியில் கொள்ளிடம் கரையைத் தொட்டது என்று தெருவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். “இந்த ஆளுக்கு எங்க கல்யாண நாளைத் தவிர எல்லாம் ஞாபகம் இருக்கும்” என்று அவள் சொல்வதுண்டு. அதுவும் ஞாபகம் இருக்கிறது. சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அவள் செய்வது கட்டிடப் படங்கள். கட்டப்படாத ஒரு வீட்டுக்குள்ளே நாம் நடந்துபோவதுபோல, ஜன்னல் வெளிச்சம் தரையில் விழுவது முதற்கொண்டு கணினியில் உருவாக்கித் தருவாள். புதுச்சேரியில் ஒரு கட்டிடக் கலைஞரின் அலுவலகம் வேலை கொடுக்கிறது. அவள் வரைந்து முடித்த பிறகு, கணினி ஒவ்வொரு படமாகக் கணக்குப்போட்டு அசையும் படமாக்கிக் கொடுக்க வேண்டும். அது இரவும் பகலும் ஓடும் வேலை. அதற்காகவே கடலூரில் கணினிக் கடை வைத்திருக்கும் அவளுடைய தம்பி, கம்பெனி விதித்த வேகத்துக்கு மேல் ஓடும்படி அந்தக் கணினியை முடுக்கிவிட்டிருந்தான். ஓவர்க்ளாக் என்பார்கள். மாட்டைத் தார்க்குச்சியால் குத்தி ஓட்டுவதுதான், வேறென்ன.

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை அவளுடையது. மே மாதத்தில் அங்கே சுவரைத் தொட்டால் சுடும். கணினி கொதித்து நின்றுபோனதில் ஆச்சரியம் இல்லை. இரண்டு முறையும் வேலை தாமதமானது. இரண்டாம் முறை அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கு முன்னால் ஒரு பெரிய வேலை வருகிறது, அதுவும் தவறினால் இனிமேல் சென்னையில் ஒருவரிடம் கொடுத்துவிடுவோம் என்றார்கள். போனை வைத்துவிட்டு அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

“தேர் அன்னிக்கு வீதியில கரண்ட்டை நிறுத்திடுவாங்க. அதுக்கு முன்னாடி முடிச்சாகணும்.”

தேர் வரும் வீதிகளில் குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றுவார்கள். எங்கள் தெரு மேல வீதியிலிருந்து கிளைப்பது. எங்களுக்கும் மின்சாரம் இருக்காது. ஆக, கெடு வைத்தது புதுச்சேரி அலுவலகம் மட்டும் இல்லை, நடராஜரும்தான்.

“வேகத்தைக் குறைச்சிடலாமே” என்றேன்.

“குறைச்சா தேர் நிலைக்கு வந்து சேர்ற வரைக்கும் ஓடும். பரவாயில்லையா?”

அப்படித்தான், கணினியைக் குளிர வைக்க வழி தேடி, ஒரு சனிக்கிழமை காலை இருவரும் கடலூருக்குப் பஸ் ஏறினோம்.

மச்சானின் கடை மஞ்சக்குப்பத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஆரம்பித்தது. கண்ணாடிக்குப் பின்னால் வண்ண விளக்குகளோடு நாலைந்து கணினிகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அவன் மூன்று பெட்டிகளை மேஜைமேல் வரிசையாக வைத்தான்.

“மாமா, இது காத்துல குளிர வைக்கிறது. பெரிய ஃபேன், பெரிய தகடு. இது தண்ணி, ஆனா சீல் பண்ணது. உள்ள என்ன இருக்குன்னு நாம பாக்க முடியாது, தீந்தா ஊத்தவும் முடியாது. பம்ப் போனா முழுசா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும். இது” என்று மூன்றாவதைத் தடவினான், “நாமளே சேத்துக் கட்டறது. பம்ப் தனி, தொட்டி தனி, ரேடியேட்டர் தனி. ப்ராசஸருக்கும் தண்ணி போகும், கிராபிக்ஸ் கார்டுக்கும் போகும். அக்கா வேலைக்கு ரெண்டுமே ஜாஸ்தி சூடாவுது. ஒண்ணை மட்டும் குளுத்திப் பிரயோஜனம் இல்ல.”

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. விற்கிறவன் பேச்சில் ஓட்டையே இல்லையென்றால் ஓட்டை வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

“இதுவரைக்கும் எத்தனை பேருக்கு இதைக் கட்டிக் குடுத்திருக்க?”

அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு என்னை. “சென்னையில நிறைய பாத்திருக்கேன் மாமா.”

“பாத்திருக்க. கட்டி?”

“கடை ஆரம்பிச்சப்புறம் இதான் மொத தடவை.”

“அப்ப பழகிக்க எங்க வீடுதான் கெடச்சுதா?”

“வேற எங்க பழகறது மாமா, கலெக்டர் ஆபீஸ்லயா?” என்றான். அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

எனக்குத் தண்ணீர்மேலேயே நம்பிக்கை கிடையாது. குமராட்சிப் பக்கம் வெள்ளத்தில் மூழ்குகிற வயல் வைத்திருக்கும் உறவினர்கள் எங்களுக்கு உண்டு. தேவனாம்பட்டினத்தில் சுனாமியைக் கண்ணால் பார்த்தவர்களிடம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். தண்ணீர் ஒருவர் வீட்டுக்குள் வரும்போது நல்ல எண்ணத்தோடு வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படியிருக்க, மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் நாமே குழாய் போட்டு அதை அழைத்து விடுவதா?

வருவதற்கு முன் இரண்டு வாரம் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். அதில் ஒன்று மனதில் தங்கிவிட்டது. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் ஒன்று மற்றதை அரிக்கும். மலிவான ரேடியேட்டர்களை அலுமினியத்தில் செய்து, கறுப்பு வர்ணம் அடித்து, செம்பு என்று விற்பவர்கள் உண்டு. மூன்றாவது பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த டேப் ஏற்கெனவே ஒருமுறை வெட்டப்பட்டு மேலே இன்னொன்று ஒட்டப்பட்டிருந்தது.

“இதை யாரு பிரிச்சது?”

“நான்தான். பார்சல் வந்ததும் எல்லாம் சரியா இருக்கான்னு பாக்க வேணாமா?”

“பாத்தியா, இல்ல யாருக்காவது மாட்டிட்டுக் கழட்டுனியா?”

“மாமா, இப்பதான மொத தடவைன்னு சொன்னேன். மொத தடவையா இருந்தாலும் திட்டுறீங்க, ரெண்டாவதா இருந்தாலும் திட்டுறீங்க.”

அவன் டீ சொல்லக் கீழே போனான். அவள் கடைக்குள்ளே நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டுச் சாவியை எடுத்து ரேடியேட்டரின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, மெல்லச் சுரண்டினேன். கறுப்பு உரிந்தது. கீழே சிவப்பாக, புதுக் காலணா மாதிரி செம்பு தெரிந்தது. ஓரம் செம்பு. உள்ளே போகும் குழாய்கள் என்னவென்று யார் கண்டது? ஆனால் அதற்குமேல் சுரண்ட இடமில்லை.

மூன்றாவதையே எடுப்பதென்று அவள் முடிவு செய்தாள். வேலை அவளுடையது, முடிவும் அவளுடையது. நான் இரண்டு நிபந்தனை போட்டேன். ஒன்று, ஊற்றும் தண்ணீருக்கு நிறம் வேண்டும்.

“நிறம் வேணாம் மாமா. சாயம் நாளாக நாளாக அடியில தங்கும். வெறும் தண்ணிதான் நல்லது.”

“வெறும் தண்ணி கசிஞ்சா எப்படித் தெரியும்? செவப்பா இருக்கணும்.”

இரண்டாவது, கணினியை இயக்குவதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் பம்பை மட்டும் ஓட்டிக் கசிவு பார்க்க வேண்டும். இது அவனுக்கும் சம்மதம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து வைப்பார்களாம். டிஷ்யூ பேப்பர் எனக்கு ஒத்துவரவில்லை. கடலூர்க் காற்றிலும் சிதம்பரம் வெயிலிலும் ஒரு சொட்டு விழுந்தால் நாம் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். காய்ந்த சொட்டு சாட்சி சொல்லாது.

அடுத்த வியாழக்கிழமை அவன் சாமான்களோடு சிதம்பரம் வந்தான். மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கிற நேரம்வரை உட்கார்ந்து கட்டினான். இன்வெர்டர் பேட்டரிக்கு விடும் தண்ணீரை நானே கடையில் சீல் பார்த்து வாங்கி வைத்திருந்தேன். அவன் கொண்டுவந்த பாட்டிலை ஓரமாக வைக்கச் சொன்னேன். எங்கள் போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் உப்புத்தான் மிஞ்சும். கடலூரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

ரேடியேட்டரைப் பொருத்தும்போது அவன் கை நின்றது.

“அக்கா, இங்க பாரேன். யாரோ சாவியால சொறிஞ்சிருக்காங்க.”

“கடையில எலி இருக்கும்” என்றேன்.

“எலிக்குச் சாவி ஏது மாமா?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

கணினியின் கேபினட்டுக்கு அடிப்பக்கம் வலை. எது சொட்டினாலும் நேராகக் கீழே விழும். அதை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்து, கீழே பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைத் தள்ளினேன். தாம்பாளம் கேபினட்டைவிட அகலம். முன்பக்கம் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய சுண்ணாம்புப் பொடி ஒரு டப்பாவில் இருந்தது. கோலமாவைவிட மைபோல இருக்கும். அதைத் தாம்பாளம் முழுக்க மெல்லிசாகத் தூவினேன். வெள்ளை நிலத்தில் சிவப்புச் சொட்டு விழுந்தால் ஒளிய முடியாது. மச்சான் பம்பை ஓடவிட்டான். கண்ணாடி வழியே குழாய்களில் சிவப்பு நீர் சத்தமில்லாமல் சுற்றத் தொடங்கியது. அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஊசி குத்தி இரத்தம் ஏற்றுகிற மாதிரியும் இருந்தது.

“நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும். சொட்டலன்னா ஆன் பண்ணிக்கோ அக்கா” என்று சொல்லிக் கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை குமராட்சியில் அவளுடைய சித்தி மகளுக்கு வளைகாப்பு. நான் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோதே அவள் குளித்து, வீட்டு வேலையை முடித்துக் கிளம்பி நின்றாள். அவளை மினி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, நேராக அறைக்குப் போய்க் குனிந்து பார்த்தேன்.

சுண்ணாம்பின்மேல் சிவப்பாக நான்கைந்து பொட்டு.

தாம்பாளத்தின் முன் விளிம்பில், ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி இருந்தன. ஈரம் முழுக்கக் காயவில்லை. உண்மையைச் சொன்னால், எதிர்பார்த்த விருந்தாளி வந்து சேர்ந்தது மாதிரி இருந்தது. போனில் படம் எடுத்தேன். அவளுக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் தம்பி பக்கம் பேசுவாள். மச்சானுக்கு அனுப்பி, உடனே கூப்பிட்டேன்.

“சொட்டுது.”

“தொட்டியில மட்டம் எறங்கியிருக்கா மாமா?”

“நாலு சொட்டுக்கு மட்டம் எங்க எறங்கும்?”

“ஜாயிண்ட் எல்லாம் பின்னாடி இருக்கு. நீங்க அனுப்புன படத்துல முன்னாடி இல்ல விழுந்திருக்கு?”

“தண்ணி எந்த வழியாப் போவும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒங்கக்கா வேலை போச்சுன்னா நீயா பதில் சொல்வ?”

“கடையைச் சாத்திட்டு வரேன்” என்றான்.

வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் இறுகியிருந்தது. பொட்டுகளைக் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் துடைத்து, விரலை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினான். உலர்ந்த விரல். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பம்ப் சூடானால் கசியும், ஆறினால் நிற்கும் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன்.

“இப்ப என்ன பண்ணணும்ன்றீங்க?”

“முழுசா எறக்கிட்டுத் திரும்பக் கட்டு.”

“எறக்குனா, திரும்ப ஊத்தி, திரும்ப ஒரு நாள் பாக்கணும். அக்காவுக்கு நாள் இல்ல மாமா.”

“எறக்காம எரிஞ்சுபோனா?”

அவன் வாளி கேட்டான். சிவப்புத் தண்ணீர் வாளியில் இறங்கியது. இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினான். இருவரும் சாப்பிடவில்லை. ரசம் சாதம் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். “அக்கா வரட்டும்” என்றான்.

ஒரு இணைப்பைக் கழற்றும்போது மட்டும் அவன் சற்றே நிதானித்தான். உள்ளே இருந்த ரப்பர் வாஷரை நகத்தால் நெம்பி எடுத்துப் பார்த்தான். பையிலிருந்து புதிது ஒன்றை எடுத்து அங்கே வைத்தான். பழையதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். மற்ற இணைப்புகளில் அப்படிச் செய்தானா? அவன் முதுகு எனக்கு நேராக இருந்தது. எல்லாவற்றையும் பார்க்க முடியவில்லை.

வெயில் தாழ்ந்து அவள் வந்தாள். இரண்டு கையிலும் புது வளையல், நெற்றியில் சிவப்பாகத் தீற்றல், கையில் கட்டுச்சாதப் பை. அறை வாசலில் நின்றாள். மேஜைமேல் பிரித்துப் போட்ட குழாய்கள், தரையில் வாளி, வாளியில் சிவப்பு.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?”

“கசிஞ்சுதாம்” என்றான் தம்பி, என்னைப் பார்க்காமல்.

நான் தாம்பாளத்தைக் காட்டினேன். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து, ஒரு பொட்டை விரலால் தொட்டாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏங்க, இது மஞ்சத் தண்ணி.”

“மஞ்சளா? செவப்பா இருக்கு.”

“சுண்ணாம்புல விழுந்தா செவக்காம பச்சையாவா ஆவும்? ஆரத்திக்கு ஆலம் எப்படிக் கரைக்கறாங்க?” தன் நெற்றியைக் காட்டினாள். “இது என்னான்னு நெனச்சீங்க?”

வெள்ளிக்கிழமை என்றால் அவள் மாவிலையால் வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். கண்ணில் படுகிற ஒன்றாக அது இருப்பது என்றைக்கோ நின்றுபோயிருந்தது. புதிதாக ஒரு சாமான் வீட்டுக்கு வந்திருக்கிறதே என்று அன்றைக்கு அதன் பக்கமும் இரண்டு உதறு உதறியிருக்கிறாள். நான் பால் கடையில் நின்றிருந்த நேரம் அது.

அவள் எழுந்து கேபினட்டின் முன் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அதிலும் சொட்டுகள். கண்ணாடிமேல் விழுந்தவை மஞ்சளாகவே காய்ந்திருந்தன. நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தவன், மேலே பார்க்கவில்லை.

மச்சான் முதலில் சிரிக்கவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான். அப்புறம்தான் ஆரம்பித்தான். “மாமா, கடலூர்லேர்ந்து என்னை வரவழைச்சு ஆலம் எடுத்திருக்கீங்க. மாப்பிள்ளைக்கு எடுக்கற மாதிரி.”

“வாசல்ல நிக்க வச்சு எடுத்திருந்தா இன்னும் மரியாதையா இருந்திருக்கும்” என்றாள் அவள். பிறகு முகம் மாறியது. “சிரிச்சது போதும். திரும்ப எப்ப ஓடும்?”

கட்டுச்சாதத்தை மூவரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். இருட்டுவதற்குள் அவன் திரும்பக் கட்டி முடித்தான். இந்த முறை வெறும் தண்ணீர், நிறம் இல்லை. சனிக்கிழமை முழுக்கப் பம்ப் ஓடியது. தாம்பாளத்தில் புதுச் சுண்ணாம்பு தூவியிருந்தேன். அவள் அறைக்கு வெளியே பெரிதாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே தண்ணீர் கொண்டுபோவதையே நிறுத்திக்கொண்டாள், குடிக்கிற சொம்பு உட்பட. சாயங்காலம் சுண்ணாம்பு பாலைப்போல வெளுப்பாகவே இருந்தது. கணினியைப் போட்டாள்.

ஒரு நாள் போனது போனதுதான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது நிற்காமல் ஓடியது. நான் போகும்போதும் வரும்போதும் கேபினட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சுவர்தான் சுட்டது, பெட்டி சுடவில்லை. தேருக்கு முந்தின நாள், வீதியில் முட்டுக்கட்டைகளைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, கடைசிப் படம் முடிந்தது. அனுப்பிவிட்டு அவள் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். மறுநாள் காலை கம்பிகளைக் கழற்றினார்கள், மின்சாரம் நின்றது, வீடு அமைதியானது. புதுச்சேரியிலிருந்து போன் வந்தபோது நாங்கள் மேல வீதி முனையில் தேருக்காக நின்றிருந்தோம். அடுத்த வேலை ஆடியில் ஆரம்பம் என்றார்கள். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு இன்னொரு காதில் கேட்டாள். கேட்டு முடித்ததும் என் தோளில் ஒரு குத்து விட்டாள். பாராட்டா, தண்டனையா, தெரியவில்லை.

அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த வாஷர் என் மனதை விட்டுப் போகவில்லை. தேருக்கு மறுநாள், தரிசனத்தன்று, மச்சான் வந்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

“அன்னிக்கு ஒரு வாஷரை மாத்தின இல்ல?”

“கழட்டினா மாத்தறதுதான் மாமா. ஒரு தடவை இறுக்குனதைத் திரும்பப் போடக்கூடாது.”

“எல்லாத்தையும் மாத்தினியா?”

“வேணுங்கறதை மாத்தினேன்.”

“அந்தப் பழசு நசுங்கி இருந்துதா?”

அவன் அக்காவைக் கூப்பிட்டான். “அக்கா, மாமாவுக்குக் காப்பி குடு. மறுபடி ஆரம்பிச்சுட்டாரு.”

அவன் சொன்னது சரியான முறைதான். நான் படித்ததிலும் அப்படித்தான் இருக்கிறது. மஞ்சள் தண்ணீர் மஞ்சள் தண்ணீர்தான் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று அவனை வரவழைத்து இறக்கச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்த ஒரு இணைப்பு ஆனி முழுக்கத் தாங்கியிருக்குமா என்பதை அவன் ஒருவன்தான் அறிவான். அவன் சொல்லப்போவதில்லை.

கணினி இன்றும் ஓடுகிறது. செங்கல்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. தாம்பாளமும் இருக்கிறது, அமாவாசைக்கு அமாவாசை சுண்ணாம்பை மாற்றித் தூவுகிறேன். வளைகாப்புக்கும் கல்யாணத்துக்கும் ஆலம் சுற்ற அவள் வேறு தாம்பாளம் வாங்கிவிட்டாள். மச்சான் எப்போது வந்தாலும் அறைக்குள் நுழைந்து முதலில் தரையைப் பார்க்கிறான். நான் அவன் சட்டைப் பையைப் பார்க்கிறேன்.